சென்னை டு லே ரூட் பிளான்: 18,500 ரூபாய் போச்சு, நீங்களும் கட்டிடாதீங்க

சொந்தக் காரில் சென்னையிலிருந்து லடாக்கில் உள்ள லே போக ரூட் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு சமூக வலைதளப் பக்கத்துக்கு 18,500 ரூபாய் கட்டினோம். ரூட்டுக்கு 6,500, மணாலி டு லே வழியில் சர்ச்சு என்ற இடத்தில் கூடாரத்தில் தங்க கேம்ப் அட்வான்ஸ் 9,000, பெர்மிட்டுக்கு 3,000.

நம்ப வைத்தது போனில் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி. "வண்டி கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு சார்? ஸ்டெப்னி ஃபுல் சைஸா?" அந்த ரோட்டில் ஓட்டியவன்தான் இப்படிக் கேட்பான். போனை வைப்பதற்குள் ஜிபேயில் பணம் போய்விட்டது.

வந்தது நாலு பக்க பிடிஎஃப். முதல் நாளே சென்னை டு நாக்பூர், 1,100 கிலோமீட்டருக்கு மேல்! நாலுவழிச் சாலையே ஆனாலும் ஒரே டிரைவர் ஒரு நாளைக்கு 600 சொச்சத்தைத் தாண்டக் கூடாது. ஹைதராபாத்தில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். ஆக்ராவைத் தாண்டி பல்வலில் ஈஸ்டர்ன் பெரிபெரல் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினால், 135 கிலோமீட்டரில் குண்ட்லி போய் மறுபடி என்ஹெச் 44-ஐப் பிடித்துவிடலாம். இவர்கள் டெல்லிக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். ஏப்ரல் 22 மணாலி டு சர்ச்சு, 23 லே என்று எழுதியிருக்கிறார்கள். 2020-இல் திறந்த அடல் சுரங்கம் ரோதாங் கணவாயை மட்டும்தான் தவிர்க்கும். அதற்கு அப்புறம் பாரலாச்சா லா (லா என்றால் கணவாய்) 4,800 மீட்டருக்கு மேல், தங்லங் லா 5,300 மீட்டருக்கு மேல். பனியை வெட்டி வழி திறந்தாலும் அடுத்த பனிக்கு மூடிவிடும். ஏப்ரலை நம்பி நாள் குறிக்கவே முடியாது. சர்ச்சுவில் கூடாரமே ஜூன் வாக்கில்தான் போடுவார்கள். அப்படியானால் அந்த 9,000 யாருக்குப் போனது? சீசனிலேயே போனாலும் மணாலியிலிருந்து நேராக 4,200 மீட்டரில் போய்ப் படுத்தால் தலைவலியும் வாந்தியும்தான். முதல் இரவு 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவில் தங்க வேண்டும். ஏப்ரலில்தான் லீவு என்றால் ஸ்ரீநகர் வழியைப் பார்க்க வேண்டும். அங்கே சோஜி லா 3,500 மீட்டர் சொச்சம்தான், முன்னாடியே திறக்கும். கார்கிலில் தங்கிப் போனால் உடம்பும் பழகும்.

அடல் சுரங்கத்தைத் தாண்டி வரும் டாண்டி பெட்ரோல் பங்க் பற்றி ஒரு வரி கிடையாது. "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்று அங்கே போர்டே வைத்திருக்கிறார்கள். டேங்க்கை அங்கே நிரப்பாமல் போனால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

பெர்மிட் 3,000 சுத்தப் பொய். சுரங்கம் வழியாகப் போனால் ரோதாங் பெர்மிட் தேவையே இல்லை. லே ஊருக்கும் தேவையில்லை. லேயைத் தாண்டி நுப்ரா, பாங்காங் போக ஏதாவது கேட்டாலும், அதை நாமே ஆன்லைனில் எடுக்கலாம்.

கேட்டதற்கு முதல் நாள், "ரூட் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்." அடுத்த நாள், "ரோடு திறக்கிறது கவர்ன்மென்ட் கையில, நாங்க என்ன பண்றது?" பிறகு, "டிஜிட்டல் சர்வீஸுக்கு ரீஃபண்ட் கிடையாது." கேம்ப் ரசீது கேட்டதும் வாட்ஸப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. 18,500 ரூபாய், ஐயா! சென்னையிலிருந்து மணாலி போய்ச் சேரும் வரைக்கும் பெட்ரோல் போட்டிருக்கலாம்.

ஏமாறாமல் இருக்கப் பத்து விஷயமாவது எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. கேம்ப்காரர் நம்பரை வாங்கி அவரிடமே பேசாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எந்தத் தேதியில் எந்தக் கணவாய் திறந்திருக்கும் என்று கேளுங்கள். மழுப்பினால் போனை வையுங்கள். வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்; யுடிஆர் நம்பர் (பரிவர்த்தனை எண்) கேட்பார்கள், ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் இருக்கும். நாங்கள் மூன்று நாள் "கேட்டுச் சொல்றேன்"-ஐ நம்பி உட்கார்ந்துவிட்டு, இன்று காலைதான் அடித்தோம்.