ஹெட் கஸ்கெட் மாற்ற கராஜா, வீட்டு முற்றமா?

ஒரே வருடத்தில் ஒரே காருக்கு இரண்டு தரம் ஹெட் கஸ்கெட் மாற்றியிருக்கிறேன். எஞ்சினின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் இடையில், தண்ணீரும் ஒயிலும் கசியாமல் அடைப்பதுதான் இந்தக் கஸ்கெட். கார் பழைய 110 கொரோலா. முதல் தரம் ஒரு கராஜில், இரண்டாம் தரம் உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில். கராஜ் வேலை மூன்று மாதம்தான் தாங்கியது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில், பொழுது பட்டால் யானை இறங்கும் அந்த வழியில், வெப்பமுள் சிவப்புக்கு ஏறி நின்றது. பிள்ளைகளும் காரில் இருந்தார்கள். அந்தப் பயத்தால்தான் எல்லா வழிகளையும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்புப் போத்தல்தான் செலவு குறைந்தது. பலவற்றில் இருப்பது சோடியம் சிலிக்கேட். சூட்டில் இறுகிக் கசிவை அடைக்கும், ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடக் கூடும். ஹெட் வளைந்திருந்தால் அதை எந்தப் போத்தலும் நிமிர்த்தாது. இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த எஞ்சின் ஒன்றை இறக்குவது இன்னொரு வழி. பிளாக் வெடித்திருந்தாலோ, ஒயிலில் தண்ணீர் கலந்து ஓடிப் பெயாரிங் போயிருந்தாலோ அதுதான் சரி. மற்றபடி, வருகிற எஞ்சினின் கஸ்கெட் எத்தனை வருடப் பழசு என்று யாருக்கும் தெரியாது. எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும்.

மிச்சம் கராஜும் வீடும். பலர் கூலியை வைத்து முடிவெடுக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, சுத்தம் செய்து அளக்கும் வேலைக்கு யாரிடம் நேரம் இருக்கிறது என்பதை. கழற்றிப் பூட்டுவதில் கராஜ் பாஸின் கை நம்முடையதைவிட எத்தனையோ மடங்கு வேகம். அவர் இரண்டு நாளில் முடித்த வேலைக்கு எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின. டைமிங் பெல்ட்டின் குறிகளைப் பொருத்துவதிலும், கறல் பிடித்த எக்ஸோஸ்ட் நட்டை உடையாமல் கழற்றுவதிலும் அவருடைய அனுபவத்துக்கு ஈடில்லை. கடற்காற்று அடிக்கும் ஊரில் அந்த நட்டுகள் சும்மா கழன்று வருவதில்லை.

ஆனால் வாசலில் நாலு வாகனம் காத்து நிற்கும்போது, ஹெட்டை அளந்து மட்டமாக்க லேத்துக்கு அனுப்ப அவருக்கு நாளில்லை. என் காரிலும் அதுதான் நடந்தது. இரண்டாம் தரம் நான் ஹெட்டைத் தூக்கியபோது மூன்று பிஸ்டன்களின் தலை கரி படிந்து கறுப்பாக இருந்தது. மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் கழுவி வைத்த பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தது. அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்து ஆவியாகி, கரியை உரித்திருக்கிறது. ஹெட்டின் மேல் நேர்விளிம்பை வைத்து அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினேன். இந்த எஞ்சினில் ஹெட் வளைவுக்கு அனுமதி 0.05 மில்லிமீற்றர். 0.10 தகடே தாராளமாக நுழைந்தது. லேத் பாஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கு எத்தனை புதுக் கஸ்கெட் போட்டாலும் நிக்காது” என்றார்.

காரணமும் எங்கள் ஊரிலேயே இருந்தது. பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும். நான் வருடக்கணக்காக ரேடியேட்டருக்கு ஊற்றியது வீட்டுக் கிணற்றின் உவர்த் தண்ணீர். தண்ணீர்த் துளைகளின் ஓரத்தில் அலுமினியம் பூச்சி அரித்ததுபோலத் தின்னப்பட்டிருந்தது. இப்போது கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி.

வீட்டு வேலைக்கு எதிரி தூசி. கச்சான் காற்று கிளம்பினால் முற்றத்து மணல் முழுக்கத் திறந்த சிலிண்டருக்குள் போய்விடும். அதனால் விடியற்காலையில் மட்டும் வேலை செய்தேன். காற்று எழும்பியதும் துளைகளைத் துணியால் அடைத்துத் தார்ப்பாயை இழுத்து மூடினேன். பிளாக்கின் முகத்தைச் சுரண்ட ஒரு காலை முழுதும் போனது. பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும்தான் வேண்டும். அரைக்கும் டிஸ்க் வேண்டாம், அதன் பொடி ஒயிலில் கலந்தால் பெயாரிங்கைத் தின்னும். போல்ட் துளைகளில் தேங்கிய ஒயிலையும் தண்ணீரையும் உறிஞ்சி எடுங்கள். இல்லாவிட்டால் முறுக்கும்போது அந்தத் திரவம் அமுக்கப்பட்டுப் பிளாக்கையே வெடிக்க வைக்கலாம்.

கஸ்கெட்டில் பல அடுக்கு உருக்குத் தகடும் உண்டு, கிராஃபைட் கலந்த சாதாரண வகையும் உண்டு. தகடு பலமானது, ஆனால் இரண்டு முகமும் கண்ணாடிபோல இருக்க வேண்டும். ஹெட்டை லேத்தில் மட்டமாக்கலாம். காரிலேயே இருக்கும் பிளாக்கை என்ன செய்வது? சின்னக் கீறலைப் பொறுத்துக்கொள்ளும் இரண்டாவது வகையை எடுத்தேன்.

போல்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் முறுக்குமானி இரவல் கிடைக்காவிட்டால் வீட்டில் தொடங்கவே வேண்டாம். பத்துப் போல்ட், நடுவிலிருந்து வெளியே போகும் வரிசை, முதலில் 29 நியூட்டன் மீற்றர். பிறகு ஒவ்வொரு தலையிலும் பெயின்ட் பொட்டு வைத்து 90 பாகை திருகல், மறுபடி 90. கழற்றும்போது எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், வரிசையும் நேரெதிர்: ஓரத்திலிருந்து நடுவுக்கு. குட்டைப் போல்டும் நீளப் போல்டும் இடம் மாறாதிருக்க, ஒரு அட்டையில் துளையிட்டு இருந்த ஒழுங்கிலேயே குத்தி வைத்தேன்.

கையில் பழக்கமோ நேரமோ இல்லாதவர்களுக்கு என் மச்சான் செய்த வழியைச் சொல்வேன். கழற்றுவதையும் பூட்டுவதையும் கராஜில் விட்டார். ஹெட்டை மட்டும் பழைய சாக்கில் சுற்றித் தானே லேத்துக்குக் கொண்டுபோய், தன் கண்முன்னே அளக்க வைத்து, மட்டமாக்கித் திருப்பிக் கொடுத்தார். வாகனத்தை விட முன்னரே, “ஹெட்டை நானே கொண்டு போறன், சம்மதமா?” என்று கேட்டிருந்தார். முதல் கராஜ் தயங்கியது. இரண்டாவது கராஜில் சம்மதித்தார்கள், அங்கேதான் விட்டார்.