டச் ஆஃப் ஈவில்: மூன்று பிரதிகளில் எது, எந்த வட்டு?

அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தை வட்டில் வாங்க நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தப் பிரதியைப் பார்க்கப் போகிறோம் என்பதை. படத்துல்லியம், கூடுதல் அம்சங்கள் எல்லாம் அப்புறம்தான்.

1957-ல் வெல்ஸ் எடுத்த படத்தை யுனிவர்சல் நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வெட்டியது. ஹாரி கெல்லர் என்ற வேறொரு இயக்குநரை வைத்துச் சில காட்சிகளைப் புதிதாக எடுத்தும் சேர்த்தது. அதைப் பார்த்த வெல்ஸ், 58 பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அவர் கேட்டதில் கொஞ்சம்தான் நடந்தது. 1958-ல் திரையரங்குக்கு வந்தது சுமார் 96 நிமிடப் படம். வெளியீட்டுக்கு முன் முன்னோட்டக் காட்சிக்காகத் தயாரித்திருந்த 109 நிமிடப் பிரதி 1970களில்தான் கிடைத்தது. மூன்றாவது பிரதி, வெல்ஸ் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அதே குறிப்பை வழிகாட்டியாக வைத்துப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் 1998-ல் தொகுத்த 111 நிமிடப் படம்.

வித்தியாசம் முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது, குண்டு காரின் பின்பக்கத்துக்குப் போகிறது, கேமரா மேலே ஏறி அந்தக் காரோடு எல்லையூர்த் தெருக்களில் நகர்கிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட். 1958 பிரதியில் இதன்மேல் நடிகர்கள், கலைஞர்களின் பெயர் எழுத்துகள் ஓடுகின்றன, ஹென்றி மான்சினியின் இசை முழங்குகிறது. அருமையான இசை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1998 பிரதியில் எழுத்துகளும் இல்லை, அந்த இசையும் இல்லை. மதுக்கடைக்கு மதுக்கடை மாறும் பாட்டும் தெருச்சத்தமும்தான் கேட்கின்றன, கூடவே அந்தக் காரின் ரேடியோ. கதாநாயகனான மெக்ஸிகோ அதிகாரி வர்காஸும் அவர் மனைவியும் நடந்துபோகும்போது கார் சட்டகத்தைவிட்டு விலகும். பிறகு ரேடியோ சத்தம் நெருங்கி வரும். குண்டு பக்கத்தில் வந்துவிட்டது என்று காதுக்குத்தான் முதலில் தெரிகிறது. வெல்ஸ் கேட்டது எவ்வளவு நியாயம் என்பதற்கு இந்த ஓர் இடமே போதும்.

அமெரிக்கப் போலீஸ் அதிகாரி மென்ஸிஸின் ஒரு குளோசப்பை எடுத்துவிடச் சொன்னதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. ஆவணக் காப்பகத்தில், மென்ஸிஸின் மேலதிகாரி குவின்லனுக்கு எதிரான ஆதாரங்களை வர்காஸ் முன்னால் வைக்கும்போது வரும் ஷாட் அது. அது இருந்தால் மென்ஸிஸ் அங்கேயே உடைந்துபோனவராகத் தெரிகிறார். நீக்கியபின், கடைசிவரை தன் எஜமான் குவின்லனுக்கும் மனசாட்சிக்கும் நடுவில் தவிப்பவராக மாறுகிறார். சில வினாடி வெட்டில் ஒரு பாத்திரத்தின் குணமே மாறுவதைப் பார்க்க, இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

109 நிமிடப் பிரதியில் வெல்ஸ் எடுத்தவையும் அதிகம், கெல்லர் எடுத்தவையும் அதிகம். ஆராய்ச்சிக்கு நல்லது, முதல்முறை பார்ப்பவர்களுக்கு வேண்டாம்.

சரி, வட்டுகளுக்கு வருவோம். பிரிட்டனில் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா என்ற வட்டு வெளியீட்டு வரிசை 2011-ல் வெளியிட்ட ப்ளூ-ரேயின் பெரிய பலம், 1958, 1998 பிரதிகள் இரண்டையும் 1.85 அகலச் சட்டகத்திலும் (உயரத்தைப்போல் 1.85 மடங்கு அகலம்) 1.37 பழைய சட்டகத்திலும் தருவது. 1.37-ல் மேலும் கீழும் கூடுதலாகத் தெரியும். கீழிருந்து எடுத்த ஷாட்களில் கூரை முழுசாக அழுத்துவதை ரசிப்பவர்களுக்கு அது விருந்து. என் பார்வையில் 1.85-தான் சரி. கூட்டம் நெருக்கியடிக்கும் விசாரணைக் காட்சி அதில்தான் இறுக்கமாக இருக்கிறது.

அமெரிக்காவில் கினோ லார்பர் நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த 4கே (ப்ளூ-ரேயைவிடத் துல்லியம் கூடிய வட்டு) தொகுப்பில் மூன்று பிரதிகளும் உண்டு. ரஸ்ஸல் மெட்டி ஒளிப்பதிவின் உயிரே இருட்டில்தான் இருக்கிறது. கடைசியில் எண்ணெய்க் கிணறுகளுக்கும் பாலத்துக்கும் நடுவே நடக்கும் துரத்தலில் கறுப்புக்குள் கறுப்பு பிரிந்து தெரிய வேண்டும். அதற்கு 4கே தான் தோது. முதல்முறை வாங்குபவர்களுக்கு என் ஓட்டு இதற்கே, அதிலும் 1998 பிரதியிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். ப்ளூ-ரே வட்டுகளுக்கு உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒரு மண்டலத்துக்குப் பூட்டிய வட்டு வேறு மண்டல பிளேயரில் ஓடாது. நாம் சி மண்டலம், பிரிட்டன் பி மண்டலம். எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர் இல்லையென்றால் பிரிட்டன் வட்டு ஓடாமல் போகலாம். 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது, 4கே பிளேயர் மட்டும் இருந்தால் போதும்.