கோல்ஃப் 4-க்குப் பெரிய சைலன்சர்: டர்பனில் ஒரு கடை, இரண்டு முறை போன கதை

கார் 2002 கோல்ஃப் 4 ஜிடிஐ, 1.8 டர்போ, 110 கிலோவாட். மூன்று லட்சம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாக ஓடியிருக்கிறது. பேக் பாக்ஸுக்குள் (பின்னால் இருக்கிற சைலன்சர்) தகடு உதிர்ந்து, டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம் வர ஆரம்பித்ததும், எப்படியும் மாற்றத்தானே போகிறோம், பெரிசாகவே ஃப்ரீஃப்ளோ (புகை தடையில்லாமல் போகிற பெரிய குழாய்) போட்டுவிடலாமே என்று ஆசை வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் டர்போ கார் வைத்துக்கொண்டு இந்த ஆசை வராதவர் இருந்தால் காட்டுங்கள்.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அங்கே வேலை செய்கிற பெரியவர் மேல் மரியாதையும் இருக்கிறது. கௌண்டரில் இருந்த தம்பி 63 மில்லிமீட்டர், 76 மில்லிமீட்டர் விட்டம் என்று இரண்டு குழாயை எடுத்து வைத்து, "டர்போவுக்கு எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லதுண்ணா" என்றான். லிஃப்டுக்கு அடியில் வெல்டிங் பண்ணிக்கொண்டிருந்த பெரியவர், எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், தலையைக்கூட நிமிர்த்தாமல் "அந்தக் குட்டி டர்போவுக்கு டவுன்பைப் மட்டும் 76 போதும், மிச்சம் 63 போடு" என்றார். டவுன்பைப் என்பது டர்போவிலிருந்து இறங்குகிற முதல் குழாய். நான் தம்பி பேச்சைத்தான் கேட்டேன். எனக்குப் பிடித்ததை அவன்தானே சொன்னான்.

அவன் சொன்னதில் பாதி சரிதான். டர்போ இல்லாத எஞ்சினில் குழாய் ரொம்பப் பெரிதானால் புகையின் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். டர்போவில் கதை வேறு. டர்பைன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கிற அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதைச் சுற்றவைக்கிறது. பின்னால் அடைப்பு குறையக் குறைய அது சீக்கிரம் சுற்றும். ஆனால் அந்த அடைப்பில் பெரும்பங்கு டர்போவை ஒட்டியே இருக்கிறது: நெருக்கி வளைத்த கம்பெனி டவுன்பைப், அதற்கடுத்த, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். அதைத் தாண்டிப் பின்னால் போகும் குழாய், என் காரில் இருக்கிற கே03 மாதிரி சின்ன டர்போவுக்கு 63 இருந்தாலே மூச்சு முட்டாது. 76 குழாயின் வாய்ப்பரப்பு 63-ஐவிடக் கிட்டத்தட்ட நாற்பத்தைந்து சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல் இடத்தில் என் காரில் குடியேறியது சத்தம் மட்டும்தான்.

வேலை சுத்தம், அதை மறுக்கவே மாட்டேன். 304 ஸ்டெயின்லெஸ் என்றார்கள். நான் ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைப் பாக்கெட்டில் கொண்டுபோயிருந்தேன் (சிரித்தார்கள், சிரிக்கட்டும்). மலிவான 409 ரகமாக இருந்தால் காந்தம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், 304-ல் வழுக்கி விழும். விழுந்தது. கடற்காற்றில் சாதாரண இரும்புக் குழாய் எத்தனை வருஷம் தாங்கும் என்பது டர்பன்காரருக்குத் தெரியும். மாமாவின் டிக் வெல்டிங் தையல்காரர் போட்ட தையல் மாதிரி வரிசையாக இருந்தது. எஞ்சின் ஆடும்போது குழாய் வெடிக்காமல் இருக்கப் புது ஃப்ளெக்ஸியும் (நெளிகிற இணைப்பு) வைத்தார். கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்று சொல்லி 200 செல் ஸ்போர்ட்ஸ் கேட் (அடைப்புக் குறைந்த கன்வர்ட்டர்) வாங்கிக்கொண்டேன். மொத்தம் 17,500 ராண்ட்.

அப்புறம்தான் தொல்லை. என்2 நெடுஞ்சாலையில் 120-ல் போனால் ஐந்தாவது கியரில் எஞ்சின் 3,000-த்தைத் தாண்டி நிற்கும். சரியாக அந்த இடத்தில் காருக்குள் ஒரு ரீங்காரம், காதில் இல்லை, பல்லில் கேட்கும். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து வேகத்தடை ஏறினால், பின் ஆக்ஸிலின் குறுக்குச் சட்டத்தில் குழாய் 'டங்' என்று இடித்தது. முதல் நாள் இரவு வீட்டு வாசலில் நிறுத்தியபோது ஆயா ஜன்னலைத் திறந்து, "என்னடா, லாரி வாங்கிட்டியா?" என்றார். மூன்றாம் நாள் எஞ்சின் விளக்கும் எரிந்தது, கோளாறு எண் பி0420. கேட்டுக்குப் பின்னால் இருக்கிற லாம்டா சென்சார் (புகையில் ஆக்சிஜனை அளப்பது), புது கேட் போதுமான அளவு சுத்தம் செய்யவில்லை என்று புகார் சொல்கிறது.

போன் செய்தால் தம்பி, "எல்லா ஃப்ரீஃப்ளோவும் அப்படித்தாண்ணா, பழகிடும்" என்றான். இதுதான் எனக்கு எரிச்சல். குழாய் இடிப்பதற்கு எப்படிப் பழகுவது? நேரில் போய் மாமாவைப் பிடித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, காரைத் தூக்கி ஐந்து நிமிஷம் பார்த்தார். டவுன்பைப்பையும் கேட்டையும் அப்படியே விட்டு, பின்பக்கம் முழுக்க 63-க்கு மாற்றி, நடுவில் நீளமான ரெசனேட்டர் (ரீங்காரத்தை அடக்குகிற டப்பா) ஒன்றை வைத்து, ஆக்ஸில் மேலே வளைவைக் கொஞ்சம் உயர்த்தினார். கழற்றின குழாய்க்குக் கழித்தது போக இன்னும் 3,800 ராண்ட். முதலிலேயே அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இது மிச்சம்.

இப்போது ரீங்காரம் கிட்டத்தட்டப் போய்விட்டது. ரோபோவில் (சிக்னலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நிற்கும்போது அடக்கமான உறுமல், அவ்வளவுதான். பவர்? லேப்டாப் மாட்டிப் பார்த்தேன். முன்பு 3,000-ல் வந்த முழு பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றழுத்தம்) இப்போது 2,700 பக்கம் வருகிறது, பீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் கியர் குறைக்காமலே ஏறுகிறது. உச்ச பவரில் பெரிய மாற்றம் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. இந்தக் காரின் மோட்ரானிக் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) தனக்குச் சொல்லிவைத்த லோடை, அதாவது எஞ்சினுக்குள் போகிற காற்றின் அளவை, தாண்டினால் வேஸ்ட்கேட்டை (புகையை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிடுகிற வால்வு) திறந்து பூஸ்டைக் குறைத்துவிடும். அந்தக் கம்ப்யூட்டரில் புது மேப் (செட்டிங்) போட்டால்தான் மீதி கிடைக்கும். எஞ்சின் விளக்கையும் அதோடு பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. அணைப்பதா, நல்ல கேட்டாக மாற்றுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வெல்டிங்குக்கு ஐந்துக்கு ஐந்து, கௌண்டருக்கு இரண்டு. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் மட்டும் இன்னும் லேசாக ஒரு 'டக்' இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை காலையில் போகிறேன், நேராக லிஃப்டுக்கு.