15 கிலோவுக்குள் ஸ்கூபா: எதைச் சுமப்பது, எதை விட்டுச் செல்வது

சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சாதாரண வகுப்பில் பறப்பவருக்குப் பொதுவாகக் கிடைப்பது பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. இந்த இரண்டு எண்களையும் யோசிக்காமல் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்த ஸ்கூபா சாதனங்களை ஒருநாள் தொங்கு தராசில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். பிசிடி எனப்படும் மிதவைச் சட்டை 4.1 கிலோ. சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர், அதன் குழாய்கள், அழுத்தமானி சேர்ந்து 2.7. குதிகால் பட்டை வைத்த ஃபின்கள், அதாவது காலில் மாட்டும் துடுப்புகள், 2.2, அவற்றுக்குள் போடும் நியோப்ரீன் காலணி 0.9. குளிர் தாங்கும் 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் உடை, வெட்சூட், 1.6. மாஸ்க், ஸ்நார்கல், டைவ் கம்ப்யூட்டர் அரை கிலோ. ஆக மொத்தம் 12. இவற்றை அடுக்கும் சக்கரப் பெட்டி மட்டும் 4 கிலோ! ஒரு லுங்கிகூட வைக்காமலே ஒரு கிலோ கூடுதல்.

பெட்டியை அன்றே மாற்றினேன். சக்கரமில்லாத தார்ப்பாய்த் துணிப் பை ஒரு கிலோதான். தோளில் சுமக்கத் தெம்பு இருந்தால் போதும். மற்ற ஒவ்வொன்றுக்கும் கடைகளில் ‘பயண ரகம்’ என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றினால் என் கணக்கில் நான்கு கிலோவுக்குச் சற்று மேல் குறையும். ஆனால் சில கிலோக்கள் மலிவாகக் குறைகின்றன, சிலவற்றுக்குச் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னும் சில, பையிலிருந்து இறங்கிக் கடலில் நம் இடுப்பில் ஏறிக்கொள்கின்றன.

காசுக்கு அதிக எடை குறைவது ஃபின்னில். பாதம் முழுவதையும் மூடும் ரகம் ஜோடி ஒன்றரை கிலோ, காலணியும் தேவையில்லை. ஒரே மாற்றத்தில் 1.6 கிலோ மிச்சம், செலவும் மற்ற எதையும்விடக் குறைவு. படகிலிருந்து குதிப்பவருக்கு இதுவே போதும். கரையிலிருந்து நடந்தே இறங்கும் இடங்களில்தான் தொல்லை. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் உள்ள நீமோ ரீஃப் அப்படிப்பட்ட இடம். முதுகில் சிலிண்டரோடு பவளத் துண்டுகள் மேல் வெறுங்காலில் பத்தடி வைத்தால் காலணியின் அருமை புரியும். அதற்காகவே பழைய ரப்பர் செருப்பு ஒன்றைக் கூடவே எடுத்துப் போகிறேன். 1965 முதல் விற்பனையில் இருக்கும் ஸ்கூபாப்ரோவின் ஜெட் ஃபின் மீது பலருக்குப் பக்தி உண்டு, எனக்கும் உண்டு. நீரோட்டத்தை எதிர்த்து உதைக்க அதற்கு நிகரில்லை. ஆனால் கனத்த ரப்பர், விமானத்துக்கு ஆகாது.

இனி பிசிடி. குழப்பம் அதிகம் இங்கேதான், ஏனென்றால் இருப்பது மூன்று வழி: வழக்கமான ஜாக்கெட், மடித்துச் சுருட்டக்கூடிய பயண ரகம், முதுகுத் தகட்டில் காற்றுப்பையைப் பூட்டும் ‘விங்’.

பயண ரகம் மூன்று கிலோவுக்குள் வந்துவிடும். நான் வாங்கியது 2.6. கடினமான முதுகுப் பலகைக்குப் பதில் துணி, ஒரே ஒரு சிலிண்டர் பட்டை, குறைவான வளையங்கள். விலையாக நாம் கொடுப்பது நிலைத்தன்மை. பட்டையை நனைத்து இழுத்து இறுக்காவிட்டால், திரும்பும்போதெல்லாம் சிலிண்டர் ஒரு பக்கம் சாயும். காற்றுப்பை முதுகுப் பக்கம் மட்டும் இருப்பதால் நீருக்குள் உடல் அழகாகக் கிடையாக நிற்கிறது. மேலே வந்ததும் அதே பை முகத்தை முன்னே தள்ளுகிறது. டிக்சன்ஸ் பினாக்கிள் என்ற டைவ் இடத்தில் ஏறி வந்து, அலையில் ஆடியபடி டிங்கி என்ற சிறு படகுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தபோது உப்புநீர் நிறையக் குடித்தேன். பிறகுதான் பையை முழுக்க ஊதாமல் பாதி ஊதி, சற்று மல்லாந்து மிதக்கப் பழகினேன். ஜாக்கெட்டில் இந்தப் பாடமே வேண்டியதில்லை, அது தொட்டில் மாதிரி தாங்கும்.

விங் போடுபவர்கள் எஃகுத் தகட்டைப் புகழ்வார்கள். இரண்டரை, மூன்று கிலோ எடையுள்ள அந்தத் தகடு கீழே இழுப்பதால், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் குறையும் என்பது உண்மை. கணக்கைப் பாருங்கள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடையே இரண்டரை கிலோவுக்கு மேல். அதை மூச்சாக விட்டுத் தீர்த்த பின், தொடக்கத்தில் மூழ்கிய சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். அந்தக் கடைசி நிமிடங்களுக்காகத்தான் எடை கட்டுகிறோம். ஆனால் ஈயம் டைவ் மையத்தில் சும்மா கிடைக்கிறது! மூழ்குவதற்கென்றே இருக்கும் இரும்பை விமானத்தில் ஏற்றிச் செல்வது, ஆற்றுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோவது போல. சொந்த ஊரிலேயே டைவ் செய்பவருக்கு எஃகு. பறப்பவருக்கு அலுமினியத் தகடு அல்லது துணி முதுகு. ஜாக்கெட்டின் மெத்தைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: அவை மிதப்பவை, அவற்றை மூழ்கடிக்கவும் ஈயம் தேவை. பயண ரகத்துக்கு மாறியபின் எனக்கு ஈயம் ஒரு கிலோ குறைந்தது. பையிலும் இடுப்பிலும் சேர்ந்து குறைந்த ஒரே பொருள் இதுதான்.

ரெகுலேட்டரில் எடையைக் குறைக்க நான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. கைப்பைக்கு மாற்றினேன், அவ்வளவுதான். பரிசோதனையில் பையைத் திறக்கச் சொல்வார்கள்; தண்ணீருக்குள் மூச்சுவிடும் கருவி என்றால் விட்டுவிடுகிறார்கள். டைட்டானியம் ரகங்கள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். குறைவது அரை கிலோ அளவுதான். அதோடு ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கு மேல் உள்ள வாயுவோடு டைட்டானியத்தைப் பயன்படுத்தக்கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ரப்பருக்குப் பதில் நைலான் பின்னல் குழாய்கள் இலகுவானவைதான், வளையவும் செய்யும். ஆனால் அவற்றில் சிலவற்றின் உட்குழாய் உள்ளுக்குள்ளேயே சிதைந்து காற்றோட்டத்தை அடைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. வெளியே பார்த்தால் தெரியாது. நூறு, இருநூறு கிராமுக்காக அந்தக் கவலையை நான் வாங்கவில்லை.

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்ட இரண்டு வகை இணைப்பு உண்டு: கவ்விப் பிடிக்கும் யோக், திருகிப் பூட்டும் டின். யோக்கா, டின்னா என்றால், வெப்பக் கடல்களில் மட்டும் இறங்குபவருக்கு யோக். டின் இணைப்பு உறுதியானது, சற்று இலகுவானதும்கூட. ஆனால் இந்தப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு அடாப்டர் மாட்ட நேர்ந்தால் மிச்சம் பிடித்த எடை திரும்பி வந்துவிடும், ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பூட்டும் முதல் நிலைப் பகுதியும் பின்மண்டையில் இடிக்கும்.

வெட்சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தமான் கடல் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி. ஒரு நாளுக்கு ஒரு டைவ் என்றால் லைக்ரா சட்டையே போதும். மூன்று என்றால் மூன்றாவதில் பல் தந்தியடிக்கும். மெல்லிய 2 மில்லிமீட்டர் எடுங்கள்.

வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்விக்கு என் பதில் சற்றுக் கறாரானது. வருடத்துக்குப் பத்து டைவ்கூட இல்லாதவர் பிசிடி வாங்க வேண்டாம். பல மையங்களில் டைவுக் கட்டணத்திலேயே சாதனங்களும் அடங்கிவிடுகின்றன. மாஸ்க் மட்டும் சொந்தம்: மற்றவர் முகத்துக்குப் பொருந்தியது உங்கள் முகத்தில் ஒழுகும். அடுத்து கம்ப்யூட்டர், ஏனென்றால் நேற்றைய டைவில் உடலில் கரைந்த நைட்ரஜனின் கணக்கு அதில் இருக்கிறது. டார்ச்சின் உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், கத்தி பெட்டியில்.

திரும்பும் எடையை யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் பயணத்தில் புறப்பட்டபோது 14.6 கிலோ இருந்த பை, திரும்பும்போது கவுன்டரில் 16.3 காட்டியது. வெட்சூட் ஈரம், ஃபின்னின் மடிப்புகளில் மணல், பிசிடிக்குள் தேங்கிய நீர். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, பலநாள் தொடர்ந்து டைவ் செய்தவர் பறப்பதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அதுவே சாதனம் காயும் நேரமும். இப்போதெல்லாம் கடைசி நாள் மதியமே பிசிடியை ஊதித் தலைகீழாகத் தொங்கவிட்டு, வால்வை அழுத்திப் பிடிக்கிறேன். எல்லாம் வடிந்தாயிற்று என்று நினைத்த பிறகும் குடிசைத் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டுகிறது.