ஊரே ஃபைபர் இழுத்தால் கடன் யார் தலையில்?

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஃபைபர் அறுந்து ஒன்பது நாள் இன்டர்நெட் இல்லை. பத்தாவது நாள் ஒரு தம்பி வந்தார். காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு வாசலிலேயே உட்கார்ந்து, தலைமுடி மாதிரி இருந்த இரண்டு கண்ணாடி இழைகளின் மேல்தோலை உரித்து, துடைத்து, நுனியை வெட்டி, ஒரு சின்ன மெஷினுக்குள் எதிரெதிரே வைத்து மூடினார். திரையில் இரண்டு நுனிகளும் மெல்ல நெருங்கின, ஒரு பொறி, ஒட்டிவிட்டது. ஒட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆள் வருவதற்குத்தான் ஒன்பது நாள். ஏன் தம்பி இவ்வளவு லேட் என்றால், "இந்த மெஷின் ஒண்ணுதான் சார், மூணு தாலுகாவுக்கும் சுத்துது" என்றார்.

அந்த ஒன்பது நாளும் போன் டேட்டாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, ஊர்க்காரர்களே சேர்ந்து சொந்தமாக ஃபைபர் போட்டுக்கொண்ட இடங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி ஒப்பீடுகளில் வழக்கமாக வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் கட்டம் போட்டு வைப்பார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது, எல்லா ஊரிலும் அதே கண்ணாடிதான். நான் பார்த்தது வேறு: முதல் பணம் யார் பையிலிருந்து வந்தது, கணக்கு தப்பினால் யார் தலையில் விழும். இதைக் கேட்டால் மீதி எல்லாம், கட்டணம் உட்பட, தானாகவே விளங்கிவிடுகிறது.

முதலில் இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர். பி4ஆர்என் என்று எழுதி 'பார்ன்' என்று சொல்கிறார்கள், கொட்டகை என்று அர்த்தம் வருகிற மாதிரி. 2011இல் தொடங்கிய சங்கம் இது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க் துறையில் இருந்த பேரி ஃபோர்டு திட்டம் போட்டார். பெரிய கம்பெனிகள் 'வீடுகள் தூரதூரமாக இருக்கின்றன, கட்டுப்படியாகாது' என்று ஒதுக்கிவிட்ட கிராமங்கள். ஊர்க்காரர்கள் பங்கு வாங்கினார்கள், ஒரு பங்கு ஒரு பவுண்ட், 1,500 பவுண்டுக்கு வாங்கியவர்களுக்கு இணைப்பும் முதல் வருடச் சேவையும் இலவசமாகக் கிடைத்தன. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது, சங்கத்திடமே திருப்பிக் கொடுத்து போட்ட பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி மூட்டையோடு வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போக வழியில்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

ஆனால் இவர்களுடைய உண்மையான சாமர்த்தியம் பணத்தில் இல்லை, பாதையில் இருக்கிறது. ஃபைபர் போடுவதில் கேபிளுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். ரோட்டைத் தோண்டுவது, போக்குவரத்தை நிறுத்துவது, திரும்பத் தார் போடுவது, அதற்கான அனுமதிகள், இதில்தான் பணம் தண்ணீராகக் கரையும். இவர்கள் முடிந்தவரை ரோட்டைத் தொடவே இல்லை. வயல் வழியாகப் போனார்கள். நிலக்காரர்கள் வாடகை கேட்காமல் வழி கொடுத்தார்கள், சொந்தமாகத் தோண்டும் வண்டி வைத்திருந்த விவசாயிகள் தங்கள் நிலத்தில் தாங்களே பள்ளம் தோண்டினார்கள், வீட்டுத் தோட்டத்துக்குள் வரவேண்டிய பள்ளத்தை அந்தந்த வீட்டுக்காரரே தோண்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் வெறும் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து மண்ணை மூடிவிடுவார்கள், புல் முளைத்துவிடும். பிறகு ஒரு நாள் குழாயின் ஒரு முனையில் கம்ப்ரசரை மாட்டிக் காற்றை விட்டால், அந்தக் காற்றின் வேகத்திலேயே இழை வழுக்கிக்கொண்டு மறுமுனைக்கு ஓடும். இழையை ஒட்டுகிற வேலையையும் தன்னார்வலர்கள் கற்றுக்கொண்டு செய்தார்கள். மூன்று தாலுகா சுற்றும் மெஷினுக்காகக் காத்திருந்தவன் இதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விளைவு: பல வருடம் மாதம் 30 பவுண்டுக்கு, போகவும் வரவும் விநாடிக்கு 1 ஜிகாபிட், ஒரே திட்டம், எல்லோருக்கும் அதே. பத்தாயிரம் இணைப்பைத் தாண்டிவிட்டார்கள். நட்டம் வந்தால்? பங்கு போட்டவர்கள் பணம் போகும், ஊரின் வரிப்பணம் போகாது.

சரி, குறையே இல்லையா என்றால் இருக்கிறது. 1,500 பவுண்டை எடுத்து வைக்கக்கூடிய வீடுகள் ஊரில் போதுமான அளவு இருக்க வேண்டும். பங்கு போட்டவர்களுக்கு அங்கே வருமான வரிச் சலுகையும் கிடைத்தது, பின்னாளில் அரசாங்கத்தின் வவுச்சர் பணமும் உதவியது, இதைச் சொல்லாமல் 'மக்கள் தாமே செய்தார்கள்' என்று மட்டும் சிலாகிப்பது பாதி உண்மை. அப்புறம் ஒரே ஒரு நிலக்காரர் முடியாது என்றால் மொத்தப் பாதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தன்னார்வலர் என்றால் செலவே இல்லை என்று நினைப்பவர்கள் சனி ஞாயிறு முழுக்கச் சேற்றில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் இருக்கும் இசிஃபைபர். மலை, காடு, பனி. அங்கே மார்ச் முதல் செவ்வாயில் ஊர்க்கூட்டம் போடுவது பழைய வழக்கம், பட்ஜெட்டிலிருந்து எல்லாமே அங்கேதான் கைதூக்கி முடிவாகும். 2008 மார்ச்சில் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் 'சேர்ந்து ஃபைபர் போடுவோம்' என்று தீர்மானம் போட்டன. பெரிய தொகையாகக் கடன் வாங்கி ஒரே மூச்சில் போட்டுவிடுவதாகத் திட்டம். அந்த வருடம் உலகச் சந்தையே படுத்துவிட்டது, கடன் கொடுக்க ஆளில்லை. மத்திய அரசின் ஊக்கத்தொகைக்கு விண்ணப்பித்தார்கள், அதுவும் வரவில்லை. இந்த இடத்தில் பெரும்பாலான ஊர்கள் ஃபைலை மூடி வைத்துவிடும். இவர்கள் 2011இல் அக்கம்பக்கத்து வீடுகளிடமே 2,500 டாலர் கடன்பத்திரங்களாக விற்கத் தொடங்கினார்கள். கிடைத்த பணத்துக்கு பார்னார்டு என்ற ஊரில் ஒரு சின்ன ஃபைபர் வளையம் போட்டு, அதில் வந்த வாடிக்கையாளர்களைக் காட்டி அடுத்த பத்திரம், அடுத்த சில மைல். இப்படியே சுமார் 70 லட்சம் டாலர் திரட்டினார்கள். 2016இல் சட்டப்படி ஒரு தகவல்தொடர்பு ஒன்றிய மாவட்டமாக மாறினார்கள். பல ஊர்கள் சேர்ந்து தண்ணீர், சாக்கடைக்கு ஒரு பொது அமைப்பு வைத்துக்கொள்வது போல. அதன் பிறகுதான் கடன் சந்தையில் பெரிய பத்திரம் விற்க முடிந்தது.

லங்காஷயரோடு ஒப்பிட்டால் இரண்டு வித்தியாசம். ஒன்று, போட்ட பணம் பங்கு அல்ல, கடன். வட்டி கட்டியாக வேண்டும், அதனால் கட்டணத்தை அவர்கள் போலத் தாராளமாக வைக்க முடியாது, வேகத்துக்கு ஏற்ற அடுக்குகளாக விற்கிறார்கள். இரண்டு, கம்பம். இங்கே தோண்டவில்லை, மின்கம்பத்திலும் போன் கம்பத்திலும் ஃபைபரைக் கட்டுகிறார்கள். கம்பம் இன்னொருவருடையது. முதலில் விண்ணப்பம், அப்புறம் ஏற்கெனவே தொங்கும் வயர்களை மேலே கீழே நகர்த்தி இடம் பண்ணும் வேலை, அதற்கான செலவு புதிதாக வருகிறவர் தலையில், அது முடிந்ததும் கம்பத்துக்கு வருட வாடகை. வயலில் ஒரு முறை புதைத்துவிட்டால் கதை முடிந்தது, கம்பத்தில் கட்டினால் மரம் விழும்போதெல்லாம் ஏணி தூக்க வேண்டும். ஆனாலும் பாறை மலையில் தோண்டவா முடியும், வேறு வழியில்லை.

இசிஃபைபரின் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: இந்த மாவட்டங்கள் வரி போடக்கூடாது, ஊரின் வரிப்பணத்தைக் கடனுக்கு ஈடாக வைக்கக்கூடாது. வருமானத்திலிருந்து மட்டுமே கடனை அடைக்கலாம். இவ்வளவு கறாராக ஏன் என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம், அதே மாநிலத்தில் பர்லிங்டன் இருக்கிறது.

பர்லிங்டன் கிராமம் இல்லை, அந்த மாநிலத்தின் பெரிய நகரம், ஆனாலும் இந்தக் கதை இல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது. நகராட்சியே பர்லிங்டன் டெலிகாம் நடத்தியது. வருமானம் போதாதபோது நகரத்தின் பொதுக் கல்லாவிலிருந்து எடுத்துப் போட்டார்கள், 2009இல் வெளிவந்தபோது அந்தத் தொகை சுமார் 1.7 கோடி டாலர். கருவிகளைக் குத்தகைக்குக் கொடுத்திருந்த சிட்டிபேங்க் அந்தப் பாக்கிக்காக மூன்று கோடி டாலருக்கும் மேலே கேட்டு வழக்குப் போட்டது. நகரத்தின் கடன் மதிப்பீடு சரிந்து குப்பை நிலைக்கு ஒரு படி மேலே போய் நின்றது, அதாவது பள்ளிக்கூடத்துக்கோ சாலைக்கோ கடன் வாங்கினாலும் வட்டி அதிகம். வழக்கு 2014இல் சமரசமானது, 2019இல் நெட்வொர்க்கே தனியாருக்குக் கைமாறியது. இத்தனைக்கும் சேவை மோசமில்லை. கல்லா ஒன்றாக இருந்ததுதான் கோளாறு.

அப்படியானால் வரிப்பணத்தில் போடவே கூடாதா? மாசசூசெட்ஸில் லெவரெட் என்று ஒரு குட்டி ஊர், ஏறத்தாழ 1,850 பேர். 2012இல் ஊர்க்கூட்டம் போட்டு 36 லட்சம் டாலர் கடன் வாங்கலாம் என்று பெரும்பான்மையோடு முடிவெடுத்தார்கள். சொத்து வரியிலிருந்து கடனை அடைப்பது ஏற்பாடு, இன்டர்நெட் வேண்டாம் என்கிற பாட்டிக்கும் வரியில் அது வரும். 2015இல் வேலை செய்யத் தொடங்கியது. பர்லிங்டனும் இதுவும் ஒரே வகையாகத் தோன்றலாம், இல்லை. லெவரெட்டில் எவ்வளவு, எத்தனை வருடம், யார் கட்டுவது என்று முதலிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிக் கைதூக்க வைத்தார்கள், பர்லிங்டனில் ஊருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் எனக்கு இந்த முறையில் கொஞ்சம் நெருடல் உண்டு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் மறுப்பவர் வாயைத் திறப்பது கஷ்டம்.

அந்த நெருடலுக்கு மருந்து மாதிரி இருக்கிறது ஐடஹோ மாநிலத்தின் அம்மோன். (அம்மன் என்று எழுதினால் கூழ் ஊற்றும் ஞாபகம் வருகிறது, அதனால் அம்மோன்.) இது ஐடஹோ ஃபால்ஸ் பக்கத்தில் உள்ள சின்ன நகரம். முதலில் தன் தண்ணீர்க் கிணறுகளையும் அலுவலகங்களையும் இணைக்கத்தான் ஃபைபர் போட்டது. பிறகு வீடுகளுக்கும் கொடுக்கலாம் என்றபோது, பேட்டை பேட்டையாகக் கேட்டார்கள்: வேண்டும் என்கிற வீடு மட்டும் சேரலாம், செலவு சுமார் 3,000 டாலர், மொத்தமாகவும் கட்டலாம், 20 வருடத் தவணையிலும் கட்டலாம். வேண்டாம் என்றவர் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. கடன் வீட்டின் மேல் நிற்கும், ஆளின் மேல் இல்லை. ஃபைபர் நகரத்துடையது, ஆனால் நகரம் இன்டர்நெட் விற்பதில்லை. பராமரிப்புக்கு மாதம் 16.50 டாலர் வாங்கிக்கொண்டு, அந்தக் கம்பியில் பல கம்பெனிகளைப் போட்டியிட விட்டுவிட்டது. ஒரு வலைப்பக்கத்தில் போய்க் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம், வீட்டுக்கு ஆள் வரவேண்டியதில்லை, சில நிமிட வேலை. போட்டி வந்ததும் கம்பெனிகள் மாதம் பத்து டாலர் அளவுக்கு இறங்கின.

கணக்காகப் பார்த்தால் நான் அலசியவற்றில் இதுதான் மிக நேர்த்தி. ஆனால் வீடுகள் நெருக்கமாக இருந்தால்தான் 3,000 டாலரில் முடியும். வீட்டுக்கு வீடு ஒரு மைல் என்றால் அதே கணக்கு பல மடங்காகும், அப்போது லங்காஷயர் மண்வெட்டியைத்தான் எடுக்க வேண்டும். தவிர, நாலு கம்பெனி வந்து போட்டியிட வாடிக்கையாளர் எண்ணிக்கையும் வேண்டுமே, முந்நூறு வீட்டுக்கு யார் வருவார்கள்.

ஸ்பெயினில் உள்ள கட்டலோனியாவின் குய்ஃபி.நெட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது வேறு ஜாதி. 2004இல் ஒசோனா பகுதியில் வீட்டுக் கூரைகளில் வைஃபை ஆன்டெனா வைத்துத் தொடங்கியது, ரமோன் ரோகா முன்னின்று செய்தார், 2009 முதல் ஃபைபரும் சேர்ந்தது. நெட்வொர்க் யாருக்கும் சொந்தமில்லை, ஊர்க் கண்மாய் மாதிரி. அதை வைத்துச் சம்பாதிக்கும் கம்பெனிகள் எவ்வளவு போட்டோம், எவ்வளவு பயன்படுத்தினோம் என்று கணக்குக் காட்டி, அதிகம் பயன்படுத்தியவர் அதிகம் போட்டவருக்குக் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். கேட்க அழகு, ஆனால் கணக்குப் பார்க்க நம்பிக்கையான ஒரு ஆள் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் பக்கம் ஊர்ச் சொத்தாக இப்படிக் கேட்டால், 'அதான் அரசாங்கம் போடுகிறதே' என்பார்கள். மத்திய அரசின் கிராம ஃபைபர் திட்டமான பாரத்நெட்டில் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் 12,525 ஊராட்சிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. ஊராட்சி அலுவலகம் வரை வருவது ஒரு வேலை, அங்கிருந்து வீட்டுக்கு வருவது இன்னொரு வேலை. மேலே சொன்ன ஊர்கள் எல்லாமே அந்த இரண்டாவது வேலையில்தான் மண்டையை உடைத்துக்கொண்டன.

எங்கள் ஊருக்கு எதைத் தேர்ந்தெடுப்பேன் என்றால்: பணத்துக்கு வெர்மாண்ட் வழி, அதாவது முதல் ஐம்பது வீட்டிடம் சின்னச் சின்னக் கடனாக வாங்கி ஒரே ஒரு தெருவை முடித்துக் காட்டுவது. பாதுகாப்புக்கு லங்காஷயரின் 'வெளியாளுக்கு விற்க முடியாது' விதி. தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இருக்கிற ஒரு கம்பெனியை அம்மோன் பாணியில் நம் கம்பியில் ஓட விடுவது, ஏனென்றால் நாமே இன்டர்நெட் விற்க உரிமம் வாங்கி அலைவது நடக்கிற காரியமில்லை. இழை ஒட்டுகிற அந்த ஸ்ப்ளைசிங் மெஷின் ஒன்று ஊருக்கென்றே சொந்தமாக.

பாதைதான் இடிக்கிறது. கம்பம் மின்வாரியத்துடையது, அதனால் வயல் வழிதான் மலிவு. மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்கு நேர்க்கோடு போட்டுப் பார்த்தேன். வரப்பு ஒரு அடி நகர்ந்துவிட்டது என்று பதினோரு வருடமாகக் கோர்ட்டுக்கு நடக்கிற இரண்டு வீட்டுக்காரர்களின் நிலத்துக்கு நடுவே, சரியாக அந்த வரப்பு வழியாகத்தான் அது போகிறது.