சவுத் டவுன்ஸ் வே: சுண்ணப்பாறை மேல் நூறு மைல்

இங்கிலாந்தின் தெற்கில் வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடற்கரை ஊரில் முடியும் சவுத் டவுன்ஸ் வே 160 கிலோமீட்டர் நீளமுள்ள தேசியப் பாதை. வழி முழுக்க அடையாளக் கம்பங்கள் இருக்கின்றன. இரு முனையிலும் ரயில் நிலையம் உண்டு. எந்த இடத்திலிருந்தும் சில கிலோமீட்டருக்குள் ஓர் ஊருக்கு இறங்கிவிடலாம். மவுண்டன் பைக்கில் முதல் நெடும் பயணம் போக நினைப்பவருக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தப் பாதையின் மிக உயரமான இடமான பட்சர் ஹில்லே 270 மீட்டர்தான் என்று படித்துவிட்டு, 'இதெல்லாம் ஒரு மலையா' என்று கிளம்புகிறவர்கள்தான் பாதியில் ரயில் ஏறுகிறார்கள்.

முழு வழியிலும் ஏற வேண்டிய உயரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரும். 270 மீட்டர் குன்றுத் தொடரில் இது எப்படிச் சேர்கிறது? குன்றுகளை மியோன், ஆரன், ஏடர், ஊஸ், கக்மியர் என ஐந்து ஆறுகள் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. பாதை ஒவ்வொரு ஆற்றுக்கும் இறங்கி மறுகரையில் மறுபடி ஏறுகிறது. ஆரன், ஏடர், ஊஸ் மூன்றிலும் பாதை கடக்கும் இடம் வரை கடல் ஓதம் ஏறுகிறது. அதாவது அங்கே பள்ளத்தாக்கின் தரை கிட்டத்தட்ட கடல் மட்டம். சேர்த்து வைத்த உயரம் அத்தனையும் அங்கே போய்விடும். இந்த ஐந்தில் நான்கு ஆறுகள் கிழக்குப் பாதியில் இருக்கின்றன. முதல் 80 கிலோமீட்டரில் வந்த சராசரி வேகத்தை வைத்து மீதி நேரத்தைக் கணக்கிட்டால் கணக்கு தப்பும்.

சைக்கிளுக்கு இந்தப் பாதை பொருந்துவதன் காரணம் சட்டத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் நடைபாதைகளில் சைக்கிள் ஓட்ட உரிமை கிடையாது. குதிரைப் பாதைகளில் ஓட்டலாம் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட்டுத்தான் போக வேண்டும். 1972இல் திறக்கப்பட்ட சவுத் டவுன்ஸ் வே, குதிரைப் பாதையாகவே அமைந்த முதல் தேசியப் பாதை. கம்பங்களில் தேசியப் பாதையைக் குறிக்கும் ஓக் மரக் கொட்டைச் சின்னம் இருக்கும். அதோடு நீல அம்பு இருந்தால் அது குதிரைப் பாதை, சைக்கிள் போகலாம். மஞ்சள் அம்பு நடைபாதை. சில இடங்களில் நடப்பவருக்கு ஒரு வழி, சக்கரத்துக்கு ஒரு வழி என்று பாதை பிரியும். கொட்டையை மட்டும் பார்த்துத் திரும்பாமல் அம்பின் நிறத்தையும் பாருங்கள். ஜி.பி.எஸ். தடத்தை இறக்கிக்கொள்பவர்கள் அது சைக்கிளுக்கான தடம்தானா என்று பார்ப்பது அவசியம். நடப்பவருக்கான தடம் உங்களைச் செங்குத்தான கடற்பாறை விளிம்பில் கொண்டுபோய் விடும்.

பாதையின் தரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: சுண்ணப்பாறை, சிக்கிமுக்கிக் கல். சுண்ணப்பாறை காய்ந்திருந்தால் சாலைபோல இறுகி வேகமாக ஓடும். மேலே மெல்லிய ஈரம் பட்டாலே போதும், சோப்பு தேய்த்த தரைதான். டயரின் பற்கள் பிடிப்பதற்கு அதில் மண்ணே இல்லை. அகலமான முள் டயர் போட்டாலும் பயன் குறைவு. ஈரத்தில் இறங்கும்போது வெள்ளைப் பாறையை விட்டு ஓரத்துப் புல்லில் ஓட்டுவதும், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திருப்பத்துக்குள் முன் பிரேக்கைத் தொடாமல் இருப்பதும்தான் வழி. பாதையின் மேற்குப் பகுதியான ஹாம்ப்ஷயர் பக்கத்து மரச்சோலைகளில் சுண்ணப்பாறை மேல் களிமண் படிந்திருக்கும். அது மழைக்காலத்தில் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. குளிர்காலத்தில் முழுப் பாதையையும் முயல்வது வீண் வேலை.

சிக்கிமுக்கிக் கல் வேறு வகைத் தொல்லை. கற்காலத்தில் கோடரி செய்த அதே கல். உடைந்தால் விளிம்பு கத்தி. டயரின் நடுப்பகுதியை அது அதிகம் தொடாது, பக்கச் சுவரைத்தான் கிழிக்கும். டியூப் உள்ள டயரில் காற்றைக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். காற்றைக் கூட்டினால் கல் மேல் சக்கரம் துள்ளும். அதனால் டியூப் இல்லாமலே காற்றைத் தாங்கும் டியூப்லெஸ் டயர் இங்கே ஆடம்பரம் இல்லை. 29 அங்குலச் சக்கரத்தில் 2.25 அங்குல டயர் என்றால் ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவமான சீலன்ட்டை ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். பழைய சீலன்ட் சில மாதங்களில் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். கிளம்பும் வாரத்தில் சக்கரத்தைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே தளும்பும் சத்தம் கேட்கவில்லை என்றால் புதிதாக ஊற்ற வேண்டும். 75 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 23 முதல் 25, பின்னால் 26 முதல் 28 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் சரியாக இருக்கும். பை கட்டினால் பின்னால் இரண்டு, மூன்று கூட்டலாம். எடையைக் குறைக்கப் பந்தய டயர் போடுகிறவர்களுக்கு இந்தப் பாதை கைமேல் பலன் தரும். பக்கச் சுவர் தடித்த டயரே வேண்டும்.

சிறு ஓட்டையை சீலன்ட் அடைக்கும். கொஞ்சம் பெரிதென்றால் ஓட்டைக்குள் திணிக்கும் ரப்பர் பிளக். பக்கச் சுவர் ஒரு சென்டிமீட்டர் கிழிந்தால் இரண்டுக்கும் அடங்காது. உள்ளிருந்து பழைய டயர்த் துண்டு ஒன்றை அணைகொடுத்து, அதன் மேல் டியூப் போட வேண்டும். அப்படிப் போடுமுன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வேலிச் செடிகளின் முட்கள் குத்தி, சீலன்ட் அவற்றைச் சத்தமில்லாமல் அடைத்து வைத்திருக்கும். அவற்றைப் பிடுங்காமல் போட்ட புது டியூப் நூறு மீட்டர் தாண்டாது. இலையுதிர் காலத்தில் வேலிகளை வெட்டிய பிறகு இந்த முட்கள் இன்னும் அதிகம்.

சைக்கிளைப் பொறுத்தவரை 100 மில்லிமீட்டர் முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ள ஹார்டுடெயில் போதும். பின் சஸ்பென்ஷன் சுகம்தான், ஆனால் அதன் எடையை ஒவ்வொரு ஆற்றங்கரையிலிருந்தும் மேலே தூக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் பைக் (மண் தடத்துக்கும் ஏற்ற, சாலை சைக்கிள் போன்றது) வறண்ட நாளில் ஏற்றத்தில் முந்தும். பள்ளம் விழுந்த இறக்கங்களில் மணிக்கட்டு அதற்கு விலை கொடுக்கும். கியர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: முன்னால் 32 பல், பின்னால் 51 பல் வரை போகும் காசெட் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) இருந்தால் பெரும்பாலான ஏற்றங்களை உட்கார்ந்தே மிதிக்கலாம். ஈரச் சுண்ணாம்பு அரைத்த விழுதுபோல பிரேக்கில் ஏறி பேடைத் தேய்க்கும். ரெசின் பேடைவிட உலோகப் பேட் அதிக நாள் தாங்கும். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும். மாலையில் சைக்கிளைக் கழுவாமல் விட்டால் காலையில் செயின்மேல் வெள்ளைப் பூச்சு இறுகிக் கிடக்கும்.

மேற்கிலிருந்து கிழக்கே போவதே நல்லது. தென்மேற்குக் காற்றுதான் இங்கே அதிகம், அது முதுகைத் தள்ளும். முகட்டில் ஒதுங்க இடம் குறைவு, எதிர்க்காற்றில் சமதளமும் ஏற்றமாகிவிடும். வின்செஸ்டரை விட்டதும் வரும் சீஸ்ஃபுட் ஹெட் சரிவு இயற்கையே அமைத்த அரங்கம். 1944இல் அமெரிக்கப் படையினர் நார்மண்டிக்குப் புறப்படுமுன், நேச நாட்டுப் படைத் தலைவர் ஐசனோவர் அவர்களிடம் இங்கே பேசினார். ஹாம்ப்ஷயர் பகுதி பண்ணைத் தடங்களும் சிறு சாலைகளுமாகக் கலந்து வரும், அழகில் சுமார். பட்சர் ஹில்லின் அகன்ற புல் இறக்கம் விதிவிலக்கு. அங்கே கண் முழுக்கப் பள்ளத்தாக்கும் சாலையும் தெரிவதால் வேகம் தெரியாமல் ஏறிவிடும். அடிவாரத்தில் கேட் இருக்கிறது, நினைவிருக்கட்டும். பாதை நெடுக கேட்கள்தான். சைக்கிளில் இருந்தபடியே திறக்கும்படி சிலவற்றில் நீண்ட கைப்பிடி உண்டு. ஆடு மாடு மேயும் நிலம், திறந்ததை மூடிவிட்டுப் போங்கள்.

பிக்னர் ஹில்லில் பாதை ரோமானியர் போட்ட ஸ்டேன் சாலையை வெட்டுகிறது. லண்டனிலிருந்து சிசெஸ்டர் போன சாலை அது. கைகாட்டி மரத்தில் ஊர்ப் பெயர்கள் லத்தீனில் இருக்கின்றன. அங்கிருந்து ஆரன் ஆற்றுக்கு இறங்கினால் ஆம்பர்லி, கிட்டத்தட்ட நடுவழி. அடுத்த ஏற்றம்தான் பலரின் கால்களைப் பதம் பார்ப்பது: ஆற்று மட்டத்திலிருந்து ஆம்பர்லி மவுண்ட் வரை மூச்சு வாங்க இடைவெளி தராது. உருட்டிக்கொண்டு ஏறினால் வெட்கம் ஒன்றும் இல்லை. வாஷிங்டன் ஊரருகே ஏ24 நெடுஞ்சாலையை நேராகக் கடக்காமல், ஊர் வழியாகச் சுற்றும் மாற்றுப் பாதையில் போங்கள். வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே சைக்கிளோடு ஓடுவதைவிட அந்தச் சுற்று மேல். மேலே ஏறினால் சாங்டன்பரி ரிங், இரும்புக் காலக் கோட்டை. அதன் வளையத்தில் 1760இல் நட்ட பீச் மரங்களில் பெரும்பகுதியை 1987 புயல் சாய்த்தது. இப்போது நிற்பவற்றில் பல பின்னால் நட்டவை.

ஏடர் ஆற்றைக் கடந்ததும் ட்ரூலி ஹில், பிறகு டெவில்ஸ் டைக், டிச்லிங் பீக்கன். 248 மீட்டர் உயர டிச்லிங்கிலிருந்து வடக்கே சமவெளி, தெற்கே கடல். முழுப் பாதையிலும் நன்றாக ஓட்டக்கூடிய முகடு இதுதான். இதற்குக் கிழக்கே லூயிஸ் ஊருக்கு மேலே உள்ள சரிவுகளில்தான் 1264இல் கிளர்ச்சிப் பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட்டின் படை அரசர் மூன்றாம் ஹென்றியைத் தோற்கடித்தது. சவுத்தீஸில் ஊஸ் ஆற்றைக் கடந்து இட்ஃபோர்டு ஹில் ஏறி, ஃபர்ல் பீக்கன் வழியாக ஆல்ஃப்ரிஸ்டனுக்கு இறங்கலாம். அங்குள்ள பாதிரியார் இல்லத்தை 1896இல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் 10 பவுனுக்கு வாங்கியது, அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம். அடுத்த குன்றான விண்டோவரின் சரிவில் வில்மிங்டனின் நெட்டை மனிதன் என்ற பெரிய கோட்டுருவம் உண்டு. பாதை அதன் தலைக்கு மேலே போவதால் ஒன்றும் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் கீழே ஊருக்குத்தான் போக வேண்டும்.

இனி பலருக்கு ஏமாற்றம் தரும் சேதி. விளம்பரப் படங்களில் வரும் செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகள் சைக்கிள் வழியில் இல்லை. ஆல்ஃப்ரிஸ்டனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கடலோரக் கிளை நடப்பவருக்கு, ஜெவிங்டன் வழியாகப் போகும் உள்நாட்டுக் கிளை சைக்கிளுக்கு. கடலோரக் கிளையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று யோசிக்காதீர்கள். அடுத்தடுத்து செங்குத்தான புல்மேடுகள், போதாததற்குக் கூட்டம். ஜெவிங்டன் பக்கமிருந்து ஃப்ரிஸ்டன் காட்டுக்குள் குதிரைப் பாதைகளும் மவுண்டன் பைக் தடங்களும் இருக்கின்றன. நேரம் இருந்தால் அவற்றில் எக்ஸீட் வரை இறங்கி, சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். பாறை விளிம்பு அடிக்கடி சரிந்து விழுகிறது, பல மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும்.

தண்ணீர்தான் திட்டமிட வேண்டிய இன்னொன்று. சுண்ணப்பாறை மழையை உறிஞ்சிக்கொள்வதால் முகட்டில் ஓடையே கிடையாது. தென்படும் வட்டக் குட்டைகள் ஆடுமாடுகளுக்கு வெட்டியவை, குடிக்க உதவாது. காக்கிங், போட்டால்ஃப்ஸ், சாடில்ஸ்கோம், ஹவுஸ்டீன், சவுத்தீஸ் ஆகிய இடங்களில் குடிநீர்க் குழாய் உண்டு. குளிர்காலத்தில் உறைபனிக்குப் பயந்து சிலவற்றை மூடிவைப்பார்கள். கோடையில் இரண்டு லிட்டர் கொள்ளளவோடு கிளம்பி, எந்தக் குழாயையும் தாண்டிப் போகாமல் நிரப்பிக்கொள்ளுங்கள். உணவகங்கள் பெரும்பாலும் குன்றின் அடிவாரத்தில். ஒரு சாப்பாட்டுக்காக 150 மீட்டர் இறங்கினால் அதே 150 மீட்டர் நிறைந்த வயிற்றோடு ஏற வேண்டும். டெவில்ஸ் டைக் மேல் உள்ள மதுக்கடை சாப்பாடும் தரும், அது பாதையை ஒட்டியே இருக்கிறது.

பழகிய உடல் உள்ளவர்கள் நீண்ட கோடைப் பகலில் ஒரே நாளில் முடிப்பதுண்டு. மற்றவர்களுக்கு மூன்று நாள் சரி: முதல் இரவு காக்கிங் பக்கம், இரண்டாம் இரவு ட்ரூலி ஹில் மேலுள்ள இளைஞர் விடுதி. இரண்டு நாள் என்றால் ஆம்பர்லியில் தங்கலாம், ஆனால் மறுநாள் விடிந்ததும் அந்த ஏற்றம் காத்திருக்கும். நில உரிமையாளர் அனுமதியில்லாமல் கூடாரம் போடுவது இங்கே சட்டப்படி கூடாது. மின்சார சைக்கிளில் 250 வாட்டுக்கு உட்பட்ட, மிதித்தால் மட்டும் உதவும் வகைக்கு அனுமதி உண்டு. 4,000 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு பேட்டரி போதாது, இரவு தங்குமிடத்தில் சார்ஜ் வசதி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

ஆம்பர்லியிலும் சவுத்தீஸிலும் ரயில் நிலையம் பாதைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் டயரோ காலோ கைவிட்டால் அங்கே முடித்துக்கொள்ளலாம். பாதை ஈஸ்ட்போர்னின் மேற்கு விளிம்பில் பாரடைஸ் டிரைவ் சாலையில் முடிகிறது, அங்கிருந்து நிலையம் இறக்கம்தான். வேலை நாட்களில் காலை, மாலை நெரிசல் நேர லண்டன் ரயில்களில் மடிக்காத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். சனிக்கிழமை கிளம்பி ஞாயிறோ திங்கள் நண்பகலோ திரும்பும்படி வைத்துக்கொண்டால் நடைமேடையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்காது.