மூலக்கூறின் சுழற்சியைப் பார்க்க: ஹீலியம் விளக்கா, லேசரா?

ஒளியால் மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி, அதன் ஆற்றலை அளந்து பெறுவது ஒளிமின்னணு நிறமாலை. அதில் மூலக்கூறின் அதிர்வு படிப்படியாகத் தெளிவாகத் தெரியும். சுழற்சி அப்படி எளிதில் சிக்காது. காரணம் கருவியின் குறை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மூலக்கூறே ஓடிக்கொண்டிருப்பதுதான் பெரிய தடை.

ஓடும் பேருந்திலிருந்து பந்தை எறிந்தால் பேருந்தின் வேகமும் பந்தோடு சேரும். எலெக்ட்ரானுக்கும் இதே கதைதான். ஹீலியம் விளக்கின் ஒளித்துகளுக்கு 21.22 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். 300 கெல்வினில் இருக்கும் ஹைட்ரஜன் மீது அது பட்டு, சுமார் 5.8 எலெக்ட்ரான் வோல்ட்டோடு எலெக்ட்ரான் கிளம்பினால், மூலக்கூறின் ஓட்டத்தால் மட்டுமே நிறமாலைக் கோடு 21 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் அகலமாகிவிடும். நியான் விளக்கின் 16.85 எலெக்ட்ரான் வோல்ட் ஒளியில் எலெக்ட்ரான் மெதுவாகக் கிளம்புவதால் அகலம் பாதியாகிறது. ஹைட்ரஜன் அயனியில் சுழற்சி எண் (சுழற்சி நிலையின் வரிசை எண்) 1-க்கும் 3-க்கும் இடைவெளி ஏறத்தாழ 36 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் (இனிச் சுருக்கமாக மில்லி). அதனால் தனிக்கோடு பிரிகிறது. ஆஸ்பிரிங்க் 1970-இல் ஹைட்ரஜனின் சுழற்சிக் கோடுகளைப் பிரித்துக் காட்டினார்.

சரி, நைட்ரிக் ஆக்ஸைடுக்கு வருவோம். அதன் அயனியில் முதல் நான்கு சுழற்சி நிலைகள் 0, 0.5, 1.5, 3 மில்லியில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஹீலியம் ஒளியில் வெப்ப ஓட்டம் தரும் அகலமோ 8 மில்லி. நான்கும் ஒரே கோட்டுக்குள் புதைந்துவிடும். எலெக்ட்ரானின் ஆற்றலைப் பிரித்தளக்கும் பகுப்பானை எவ்வளவு நல்லதாக வாங்கி வைத்தாலும் பயனில்லை.

இங்கேதான் லேசரைக் கொண்டு செய்யும் ஜீக் முறை (ZEKE, அதாவது இயக்க ஆற்றல் இல்லாத எலெக்ட்ரானைப் பிடிக்கும் முறை) எனக்குப் பிடிக்கிறது. மியூனிக்கில் முல்லர் டெத்லெஃப்ஸ், சாண்டர், ஷ்லாக் மூவரும் 1984-இல் இதே நைட்ரிக் ஆக்ஸைடில் செய்து காட்டினார்கள். எலெக்ட்ரானின் வேகத்தை அளப்பதே இல்லை. 226 நானோமீட்டர் அருகே ஒரு லேசர் மூலக்கூறை இடைநிலைக்கு ஏற்றி, அங்கே ஒரே ஒரு சுழற்சி நிலையைத் தேர்ந்தெடுக்கும். 328 நானோமீட்டர் அருகே இரண்டாவது லேசரின் அலைநீளத்தை மெல்ல நகர்த்துவார்கள். அயனியின் ஒவ்வொரு சுழற்சி நிலைக்கும் உரிய வாசலை, அதாவது எலெக்ட்ரான் பிரியத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, தொடும்போது, வேகமே இல்லாத எலெக்ட்ரான்கள் அங்கேயே தங்கும். வேகமுள்ளவை ஓடிவிடும். சில மைக்ரோ வினாடி காத்திருந்து சிறு மின்புலத் துடிப்பால் தங்கியவற்றை இழுத்து எண்ணுகிறார்கள். உண்மையில் வாசலுக்குச் சற்றுக் கீழே, ரிட்பெர்க் நிலைகளில் (எலெக்ட்ரான் அயனியை விட்டு வெகுதூரத்தில் லேசாகப் பிணைந்திருக்கும் நிலைகள்) நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் எலெக்ட்ரான்களையே அந்தத் துடிப்பு பிடுங்குகிறது என்பது பின்னால் புரிந்தது. இப்போது பிரிதிறனை முடிவுசெய்வது லேசரும் மின்புலமும்தான். ஒரு மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குவரை போகலாம்.

ஆனால் கோட்டின் உயரத்தை நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ரிட்பெர்க் நிலைகள் பக்கத்து நிலைகளோடு கலந்து கோடுகளை ஏற்றி இறக்கிவிடும். குறிப்பாகச் சுழற்சி எண் குறையும் கோடுகள் நைட்ரஜனில் அளவுக்கு மீறி வலுக்கின்றன. எந்தச் சுழற்சிக்கு எவ்வளவு நிகழ்தகவு என்று கேட்டால், கோடு பிரிந்து தெரிகிற இடங்களில் விளக்கு தரும் உயரம்தான் நேர்மையானது. அப்புறம், இன்னும் ஆழமாகப் பிணைந்த ஆர்பிட்டல்களும் (மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் இருக்கும் நிலைகள்) சேர்த்து ஒரே ஓட்டத்தில் வேண்டுமென்றாலும் ஹீலியம்தான்.

ஆக, ஹைட்ரஜனுக்கு விளக்கே போதும். நைட்ரிக் ஆக்ஸைடுக்கு ஜீக்கைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டேன். நைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல் 15.58 எலெக்ட்ரான் வோல்ட். ஒரே ஒளித்துகளால் அங்கே எட்ட 79.6 நானோமீட்டரில் லேசர் ஒளி வேண்டும். அதை உண்டாக்கும் வசதி இருக்கிற கூடத்தில் மட்டுமே நைட்ரஜனுக்கு ஜீக்கைத் தொடுங்கள்.